கவுன்சிலிங் யாருக்கு, எங்கே? சென்னையில் ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. குடும்பங்களுக்கு முன்னுள்ள வழிகள்

"பையனுக்கு நல்ல கவுன்சிலிங் எங்கே கிடைக்கும்?" என்று கேட்டு வரும், ஆட்டிசமோ (பிறரோடு பேசிப் பழகும் விதம் வேறுபடும் வளர்ச்சி நிலை) ஏ.டி.எச்.டி.யோ (கவனச் சிதறலும் அலைபாய்வும்) உள்ள பிள்ளையின் பெற்றோரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்த வாரம் வீட்டில் யார் அழுதார்கள் என்பது. பல வீடுகளில் பதில் அம்மா. சில வீடுகளில் பள்ளி வாசலைத் தாண்ட மறுக்கும் பிள்ளை. சில வீடுகளில் யாருமே அழுவதில்லை. அப்பா இரவு 11 மணிக்குத்தான் வீடு திரும்புகிறார், பத்தாவது படிக்கும் அக்கா சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். இந்த ஒவ்வொருவரும் தட்ட வேண்டிய கதவு வேறு.

சென்னையில் அப்படிப்பட்ட கதவுகள் ஐந்து வகை: அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு, தனியார் கிளினிக், தொண்டு நிறுவனங்களும் சிறப்புப் பள்ளிகளும் தரும் குடும்ப ஆதரவு, பெற்றோர் குழு, தொலைபேசி உதவி. இவற்றில் எது உயர்ந்தது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்லலாம். பிள்ளைக்கு ஏற்கெனவே ஸ்பீச் தெரபி (பேச்சுப் பயிற்சி), ஓ.டி. (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் பயிற்சி), ஸ்பெஷல் எஜுகேஷன் மூன்றும் ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில், நான்காவது தெரபிக்கு ஒதுக்கும் பணத்தையும் நேரத்தையும் அம்மா அப்பாவின் மனநலத்துக்குத் திருப்பிவிடுவது பிள்ளைக்கே அதிகம் பயன்படும். நாள் முழுக்க அந்தப் பிள்ளையோடு இருக்கப்போவது அவர்கள்தான்.

கவுன்சிலருக்கு முன் ஒரு டாக்டர்

பேச்சு அதிகம் வராத பிள்ளை திடீரென்று தலையைச் சுவரில் மோதத் தொடங்கினாலோ, தூக்கம் கெட்டாலோ, காதைப் பொத்திக்கொண்டு அலறினாலோ அதை உடனே "பிஹேவியர்" என்று எழுதிவிடக் கூடாது. பல்லில் சொத்தை, காதில் சீழ், நாலைந்து நாள் மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் வலி ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வலிப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். பதின்ம வயதில் அது புதிதாகத் தலைகாட்டலாம். சில நொடிகள் வெறித்துப் பார்ப்பது, கூப்பிட்டால் தெரியாமல் போவது இருந்தால் வீடியோ எடுத்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். யாராவது அந்தப் பிள்ளையை அடிக்கிறார்களா, தொடக்கூடாத விதத்தில் தொடுகிறார்களா என்பதையும் விசாரித்தே ஆக வேண்டும். வேன் டிரைவர், டியூஷன், உறவினர் யாரையும் "இவரா, இருக்காது" என்று விலக்கிவிடாதீர்கள். இதையெல்லாம் பார்க்காமல் நடத்தையை மாற்றும் பயிற்சியில் இறங்கினால், வலியைச் சொல்லத் தெரிந்த ஒரே வழியையும் பிள்ளையிடமிருந்து பிடுங்கியதாகிவிடும்.

அரசு மருத்துவமனை

ஊர் வாயில் "கீழ்ப்பாக்கம்" என்ற சொல் வசவாகவே ஆகிவிட்டதால், 1794-ல் தொடங்கிய அந்த மனநல மருத்துவமனையின் படியேறப் பலர் கூசுகிறார்கள். அங்கே குழந்தைகளுக்கான மனநலப் பிரிவும் உண்டு. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, ஸ்டான்லி ஆகியவற்றிலும் போகலாம். கட்டணம் இல்லை. நோயறிதல், மாத்திரை, ஐ.க்யூ. பரிசோதனை, மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் இந்த நான்குக்கும் அரசு மருத்துவமனையே முதல் தேர்வு. காரணம், சான்றிதழ் எப்படியும் அரசு மருத்துவக் குழுவிடமிருந்துதான் வர வேண்டும். ஆட்டிசத்துக்கு அவர்கள் பயன்படுத்துவது இந்தியாவிலேயே உருவாக்கிய ஐ.எஸ்.ஏ.ஏ. அளவுகோல், 40 கேள்விகள், 70 அல்லது அதற்கு மேல் மதிப்பெண் வந்தால் ஆட்டிசம் என்று கணக்கு. தனியாரிடம் ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கிய அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி இங்கே வந்து நிற்பவர்கள் ஏராளம்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் ஆட்டிசம் இருக்கிறது, டிஸ்லெக்ஸியா போன்ற குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகள் இருக்கின்றன, ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை. ஏ.டி.எச்.டி.க்கென்று சான்றிதழ் வாங்க அலைந்து மனம் நொந்து போக வேண்டாம். கூடவே கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பதே அங்கு பலன் தரும் வழி.

அரசு மருத்துவமனையில் கிடைக்காதது நேரம். வெளியே வரிசை நிற்கும்போது டாக்டர் உங்களோடு முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பேச முடியாது. ஆகவே கிடைக்கும் பத்து நிமிடத்தை வீணாக்காமல் இருக்கத் தயாரிப்பு வேண்டும். ஒரே ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: எந்த வயதில் முதல் சொல், வந்த சொல் நின்றுபோனதா, தூக்கம் எத்தனை மணி நேரம், இப்போது கொடுக்கும் மாத்திரைகளின் பெயரும் அளவும், பள்ளியில் சொல்லும் புகார், நீங்கள் இன்று கேட்க வந்த ஒரே கேள்வி. போனில் 2 நிமிட வீடியோ ஒன்று, பிள்ளை வீட்டில் சாதாரணமாக இருக்கும்போது. இன்னொன்று கலங்கிப் போயிருக்கும்போது. ஓ.பி. சீட்டு வாங்கிக் காத்திருக்க ஒருவர், பிள்ளையோடு வெளியே மரத்தடியில் நிற்க ஒருவர் என்று இரண்டு பேர் போங்கள். காதை மூடும் ஹெட்போன், தண்ணீர், பிள்ளைக்குப் பிடித்த ஒரே பிராண்ட் பிஸ்கட் பையில் இருக்கட்டும். கூட்டத்தில் கலங்கிப்போன பிள்ளையைப் பார்த்து எடுக்கும் முடிவு, வீட்டில் இருக்கும் பிள்ளையைப் பற்றிய முடிவாக இருக்காது.

மாத்திரை பற்றிப் பயம் நிறைய இருக்கிறது. ஏ.டி.எச்.டி.யைப் பொறுத்தவரை, கவனம் சிதறுவதையும் அலைபாய்வதையும் பேசியே சரிசெய்துவிடலாம் என்று யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம். ஆறு வயதுக்குக் கீழே முதலில் பெற்றோர் பயிற்சி; அதற்கு மேல், தேவைப்பட்டால் மாத்திரையும் பயிற்சியும் சேர்ந்து. ஏ.டி.எச்.டி.க்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட் மாத்திரையைத் தொடங்கும் முன் உயரம், எடை, ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு குறித்து வைக்க வேண்டும். பிறகும் அவ்வப்போது பார்க்க வேண்டும், பசி குறையும் என்பதால். இது தெருமுனை மெடிக்கலில் எல்லாம் கிடைக்காது. ஒரிஜினல் சீட்டும் கையில் வேண்டும். மாத்திரை தீருவதற்கு ஒரு வாரம் முன்பே தேடத் தொடங்குங்கள். ஆட்டிசத்தில் கடும் எரிச்சலுக்கும் தன்னைக் காயப்படுத்திக்கொள்வதற்கும் ரிஸ்பெரிடோன் என்ற மருந்து எழுதப்படலாம். அதில் எடை சரசரவென்று ஏறும். மாதம் ஒரு முறை எடை பார்த்து நோட்டில் எழுதி, அடுத்த முறை டாக்டரிடம் காட்டுங்கள்.

தனியார் கிளினிக்

அண்ணா நகரிலும் அடையாறிலும் தெருவுக்குத் தெரு பெயர்ப்பலகை தெரிகிறது. "கவுன்சிலர்" என்று பலகை மாட்ட ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவு தேவையில்லை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், ரீஹேபிலிடேஷன் சைக்காலஜிஸ்ட், ஸ்பெஷல் எஜுகேட்டர், ஸ்பீச் தெரபிஸ்ட் ஆகியோருக்குத்தான் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும். எண்ணைக் கேளுங்கள்; கவுன்சிலின் இணையதளத்தில் போட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகும். எண் கேட்டால் முகம் சுளிப்பவரிடம் போக வேண்டியதில்லை. பதிவு இல்லாத நல்ல கவுன்சிலர்களும் இருக்கிறார்கள், குறிப்பாகப் பெற்றோரின் துயரத்தைக் கேட்பதற்கு. நோயறிதலும் பரிசோதனை அறிக்கையும் மட்டும் அவர்களிடம் வாங்காதீர்கள்.

பதிவு எண் வாசல் வரைக்கும்தான் உதவும். உள்ளே போனபின், ஆட்டிசம் உள்ளவரோடு பேசும் முறையை அவர் மாற்றிக்கொள்கிறாரா என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் பரவலாகக் கொடுக்கப்படும் சி.பி.டி. (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை) முறையை அப்படியே எடுத்து வைத்தால் பாதியில் முறிந்துவிடும். "அப்போ மனசுக்குள்ள என்ன ஓடுச்சு?" என்ற கேள்விக்கு, தன் உணர்ச்சிக்குப் பெயர் சொல்லத் தெரியாதவர் என்ன பதில் சொல்வார்? "தெரியல" என்பார். கவுன்சிலர் அதை ஒத்துழைக்க மறுப்பதாக எழுதிக்கொள்வார். இங்கேதான் பலரும் இரண்டாவது சந்திப்போடு நின்றுவிடுகிறார்கள்.

மாற்றிச் செய்தால் எப்படி இருக்கும்? மெட்ரோ ரயில் என்றால் உயிரை விடும் 11 வயதுப் பையன் என்று வைத்துக்கொள்வோம். கவுன்சிலர் ஒரு வெள்ளைத்தாளில் நீலத் தடத்தின் ஐந்து நிலையங்களை வரைகிறார்: விமான நிலையம், மீனம்பாக்கம், நங்கநல்லூர் சாலை, ஆலந்தூர், கிண்டி. விமான நிலையத்தில் உடம்பு எப்படி இருக்கும்? கை சும்மா இருக்கும், சாப்பிட முடியும். மீனம்பாக்கத்தில் கால் ஆடத் தொடங்கும். நங்கநல்லூர் சாலையில் காது சூடாகும், டீச்சர் குரல் தூரத்தில் கேட்கும். ஆலந்தூரில் வயிறு இறுகும். கிண்டி என்றால் அலறல், அடி, பிறகு எதுவும் ஞாபகம் இல்லை. பையனே ஒவ்வொன்றையும் சொல்ல, அவர் எழுதுகிறார். பிறகு கேட்கிறார்: இதில் எந்த ஸ்டேஷனில் இறங்கி வேறு லைனுக்கு மாறலாம்? ஆலந்தூர் என்று பையன் உடனே சொல்வான். பச்சைத் தடம் அங்கேதான் சந்திக்கிறது. அப்படியானால் ஆலந்தூர் வந்ததும் டீச்சரிடம் பச்சை அட்டையைக் காட்டிவிட்டு ஐந்து நிமிடம் வராந்தாவுக்குப் போவது என்று திட்டம். தாளின் ஒரு நகல் பள்ளிக்கு, ஒன்று வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில். "மகிழ்ச்சி, கோபம், பயம்" என்ற பொம்மை முகங்களை வைத்துக்கொண்டு ஆறு மாதம் நகராத விஷயம் இப்படி ஒரு தாளில் நகரும், ஏனென்றால் அது அவன் மொழியில் இருக்கிறது. பள்ளி அந்த அட்டையை மதித்தால்தான் இது வேலை செய்யும். முதல் வாரமே டீச்சர் "சும்மா காட்டாதே" என்று திருப்பி அனுப்பினால், பையன் அட்டையை விட்டுவிட்டு நேரே கிண்டிக்குப் போய்விடுவான்.

ஆகவே முதல் சந்திப்புக்கு முன் போனில் நேராகக் கேளுங்கள். சந்திப்பில் என்னென்ன நடக்கும் என்று முன்கூட்டியே எழுதி அனுப்புவீர்களா? பேசாமல் எழுதியோ வரைந்தோ பதில் சொல்லலாமா? கண்ணைப் பார்க்கச் சொல்வீர்களா? நடுவில் எழுந்து நடக்கலாமா? என் பிள்ளை சொல்வதில் எதை எங்களிடம் சொல்வீர்கள், எதைச் சொல்ல மாட்டீர்கள்? கடைசிக் கேள்வி 13 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மிக முக்கியம். உயிருக்கு ஆபத்து, பாலியல் துன்புறுத்தல் தவிர மற்றதெல்லாம் பிள்ளைக்கும் அவருக்கும் இடையில் இருக்கும் என்று தெளிவாகச் சொல்பவர் நல்லவர். "எல்லாத்தையும் உங்ககிட்ட சொல்லிடுறேங்க" என்பவரிடம் பிள்ளை இரண்டாம் முறை வாய் திறக்காது.

அறையையும் பாருங்கள். விட்டு விட்டு மினுக்கும் டியூப்லைட், கடகடக்கும் ஃபேன், ரூம் ஸ்பிரே வாசனை, பக்கத்து அறையில் ஸ்பீச் தெரபி எடுக்கும் பிள்ளையின் அழுகை என்று எது இருந்தாலும், அரை மணி நேரம் பிள்ளை அதைத் தாங்கிக்கொண்டிருக்கும், பேசிக்கொண்டிருக்காது. லைட்டை அணைத்து ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார முடியுமா என்று கேட்டால் தப்பில்லை.

கட்டணம் பொதுவாக ஒரு சந்திப்புக்கு 1,000 ரூபாயிலிருந்து 3,000 வரை. வாரம் ஒன்று, 1,500 ரூபாய் என்றால் மாதம் 6,000, ஆட்டோ தனி. மூன்று மாத பேக்கேஜ், முன்பணம், "24 செஷனுக்கு 4 இலவசம்" என்பதையெல்லாம் மறுத்துவிடுங்கள். பிள்ளைக்கு ஒத்து வருமா என்று தெரிய நான்கு சந்திப்பாவது ஆகும். அதற்கு முன் பணத்தைக் கொடுத்து மாட்டிக்கொள்வானேன். பரிசோதனை செய்தவரே தெரபியும் விற்கிறார் என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் ஊசி என்று யாராவது பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். அது பரிந்துரைக்கத் தக்கதல்ல என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது.

"கவுன்சிலிங்" என்ற பெயரில் பிள்ளைக்கு அடங்கி நடக்கக் கற்றுக்கொடுப்பது தனியாரில் அதிகம் பார்க்கும் தவறு. கையை ஆட்டாதே, ஒரே விஷயத்தைப் பேசாதே, விருந்தாளி வந்தால் வணக்கம் சொல். இதில் தேர்ச்சி பெறும் பிள்ளை பள்ளியில் "நார்மல்" ஆகத் தெரியும், வீட்டுக்கு வந்ததும் வெடிக்கும். பல வருடம் இப்படித் தன்னை மறைத்தே வாழ்ந்தவர்கள் ஒரு கட்டத்தில் முழுக்கச் சோர்ந்து, தெரிந்த வேலைகளைக்கூடச் செய்ய முடியாமல் போகிறார்கள். அந்தச் சோர்வைச் சாதாரண மனச்சோர்வாக எண்ணி "வெளியே போய் நாலு பேரோட பழகுங்க" என்று அனுப்பினால் நிலைமை மோசமாகும். அந்த நேரத்தில் வேண்டியது சத்தம், கூட்டம், கடமைகள் எல்லாவற்றையும் சில வாரங்களுக்குக் குறைப்பது. மனச்சோர்வும் சேர்ந்தே இருக்கலாம் என்பதால் மனநல மருத்துவர் ஒருமுறை பார்ப்பது நல்லது.

நிறுவனங்களும் பெற்றோர் பயிற்சியும்

இரண்டு விஷயங்களைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். பெற்றோர் பயிற்சி, பிள்ளையோடு எப்படி விளையாடுவது, எப்படிச் சொன்னால் புரியும், மெல்ட்டவுன் (தாங்க முடியாமல் பிள்ளை நிலைகுலைவது) வரும்போது என்ன செய்வது என்று கற்றுத் தருகிறது. கவுன்சிலிங், "ஏன் எனக்கு?" என்று நடு ராத்திரியில் எழும் கேள்வியோடு உட்கார்கிறது. பயிற்சி வகுப்பில் அழும் அம்மாவுக்கு அடுத்த பாடம் மண்டையில் ஏறாது. கவுன்சிலிங்கில் மனம் லேசான அம்மா வீட்டுக்குப் போனதும் பிள்ளை தட்டைத் தூக்கி எறிந்தால் மறுபடி உடைந்துவிடுவார். இரண்டும் வேண்டும். நோயறிதல் வந்து முதல் மூன்று மாதத்தில் கவுன்சிலிங் முன்னே, பிறகு பயிற்சி என்பது எங்கள் பரிந்துரை.

பயிற்சிக்குப் பெரிய படிப்புப் படித்தவர்தான் வேண்டும் என்பதில்லை. கோவாவிலும் ராவல்பிண்டியிலும் நடந்து 2016-ல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற சாதாரண ஊழியர்களே ஆறு மாதத்தில் 12 சந்திப்புகளில் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பெற்றோர் பிள்ளையோடு பேசிப் பழகும் விதம் நன்றாகவே மாறியது. உலக சுகாதார நிறுவனத்தின் பராமரிப்பாளர் பயிற்சி 9 குழு வகுப்பும் 3 வீட்டு வருகையும் கொண்டது. ஆகவே யாராவது "ஒரு நாள் ஒர்க்‌ஷாப்பில் எல்லாம் கற்றுத்தருகிறோம்" என்றால், 12 முறை உட்கார்ந்து கற்க வேண்டியதை ஒரு நாளில் யாரும் தர முடியாது என்பதை நினைவில் வையுங்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் இருக்கும் மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுடையோர் நிறுவனத்தில், 2005 முதல், குறைந்த செலவில் பரிசோதனை, தெரபி, குடும்ப ஆலோசனை எல்லாம் ஒரே வளாகத்தில் கிடைக்கின்றன. குறை தூரம்தான். வட சென்னையிலிருந்து போய் வர ஒரு நாளே போய்விடும், வாரா வாரம் முடியாது. முழுப் பரிசோதனைக்கும் வீட்டில் செய்யும் திட்டம் வாங்கவும் அங்கே போய், வாராந்திரத் தொடர்ச்சியை வீட்டருகில் வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்து வரும். கோட்டூர்புரத்தில் 1985-ல் தொடங்கிய வித்யாசாகர் மூளை முடக்குவாதப் பிள்ளைகளுக்காக ஆரம்பித்து இன்று பலவகைப் பிள்ளைகளோடும் வேலை செய்கிறது; உரிமை, சட்டம் பற்றிக் கேட்கவும் நல்ல இடம். தியாகராய நகர் மதுரம் நாராயணன் மையம் ஆறு வயதுக்குட்பட்ட, மனவளர்ச்சி தாமதமான பிள்ளைகளுக்கானது. பிள்ளையை விட்டுவிட்டுப் போக முடியாது, அம்மாவோ அப்பாவோ கூடவே உட்கார்ந்து கற்க வேண்டும். வேலைக்குப் போகும் பெற்றோருக்கு இது கஷ்டம். ஆனால் அந்த உட்காரலில்தான் பக்கத்துப் பாயில் இருக்கும் இன்னொரு அம்மாவோடு பேச்சு தொடங்குகிறது. படிப்பில் மட்டும் தடுமாறும் பிள்ளைக்கு மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா சங்கம். "சோம்பேறி" என்ற பட்டத்தை வருடக்கணக்கில் சுமந்த பிள்ளைக்கு, காரணம் தெரிந்துகொள்வதே பாதி ஆறுதல்.

பெற்றோர் குழு

மாமியார் "நீ போன் கொடுத்துக் கெடுத்துட்ட" என்கிறார். கணவர் "நான்கூட லேட்டாதான் பேசினேன்" என்கிறார். மாடி வீட்டுக்காரர் சத்தம் என்று புகார் சொல்கிறார். இதையெல்லாம் விளக்கம் இல்லாமலே புரிந்துகொள்பவர், அதே வாழ்க்கையில் இருக்கும் இன்னொரு பெற்றோர்தான். எந்தக் கவுன்சிலராலும் தர முடியாதது இது, செலவும் இல்லை. அம்மாவின் வளர்ப்பு ஆட்டிசத்துக்குக் காரணமே அல்ல என்பது எப்போதோ முடிவான விஷயம். ஆனால் அதைப் புத்தகம் சொல்லும்போது மனம் ஏற்பதில்லை, மூன்று பிள்ளை பெற்று ஒரு பிள்ளைக்கு மட்டும் ஆட்டிசம் உள்ள இன்னொரு அம்மா சொல்லும்போது ஏற்கிறது.

நல்ல குழு எட்டிலிருந்து பன்னிரண்டு பேர், மாதம் இரண்டு முறை, ஒன்றரை மணி நேரம், நேரில். அந்த நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள யாராவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அம்மாக்கள் வரவே முடியாது. அப்பாக்களுக்குத் தனியாக, ஞாயிற்றுக்கிழமை காலை. எதிர் எதிராக உட்கார வைத்தால் வாய் திறக்காத அப்பாக்கள், பெசன்ட் நகர் கடற்கரையில் பிள்ளைகளை ஓடவிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் நடந்தால் பேசுகிறார்கள்.

கெட்டுப்போவது வாட்ஸ்அப்பில். இருநூறு பேர் சேர்ந்ததும் ராத்திரி இரண்டு மணிக்கு உடைந்து போன ஒருவர் எழுதுகிறார், காலை வரை பதில் இல்லை. அதற்கு மேலே கோதுமை நிறுத்தினால் பேச்சு வரும் என்ற பதிவு, கீழே ஒரு மருந்து விற்பனை. பிள்ளை நிலைகுலைந்திருக்கும் வீடியோவைக் குழுவில் போடுவது இன்னும் பெரிய தப்பு; அந்தப் பிள்ளை நாளை பெரியவராகி அதைப் பார்க்கலாம். விற்பனை கூடாது, முகம் தெரியும் வீடியோ கூடாது, உயிர் பற்றிய பேச்சு வந்தால் உடனே போன் செய்ய இரண்டு பேர் பொறுப்பு என்று விதி போட்ட குழுவில் மட்டும் சேருங்கள்.

கூடப் பிறந்தவர்களை எல்லோரும் மறந்துவிடுகிறோம். "எங்களுக்கப்புறம் நீதான் தம்பியைப் பார்த்துக்கணும்" என்று எட்டு வயதுப் பெண்ணிடம் சொல்லப்படும் வாக்கியத்தை அவள் கல்யாண வயது வரை தூக்கிச் சுமக்கிறாள். அவளுக்கு வாரத்தில் அரை மணி நேரம், தம்பி இல்லாமல், அம்மாவோ அப்பாவோ மட்டும். அது போதாமல் தூக்கமும் படிப்பும் கெட்டால் அவளுக்கென்று தனிக் கவுன்சிலர். தம்பியைப் பார்ப்பவரே வேண்டாம்.

வயது வந்தபின் தெரிந்துகொண்டவர்கள்

ஓ.எம்.ஆரில் வேலை செய்துகொண்டே முப்பது வயதில், தன் பிள்ளைக்கு நோயறிதல் நடக்கும்போது "இதெல்லாம் எனக்கும் இருக்கே" என்று உணர்பவர்கள் இப்போது அதிகம். இவர்களுக்கு அலுவலகம் தரும் இலவச ஆலோசனைத் திட்டம் முதலில் கண்ணில் படும். நாலைந்து சந்திப்போடு முடிந்துவிடும். அவசரத்துக்கு உதவும், ஆழத்துக்குப் போகாது. எச்.ஆருக்கு என்ன தகவல் போகும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நேரில் பேசுவதைவிட எழுதிப் பேசுவது எளிது என்றால் சாட் வழியாகச் சந்திக்கும் கவுன்சிலரைத் தேடலாம். போக்குவரத்தும் இல்லை, காத்திருப்பு அறையும் இல்லை. ஏ.டி.எச்.டி. உள்ளவருக்கு ஒவ்வொரு சந்திப்புக்கும் முந்தைய நாளும் ஒரு மணி நேரம் முன்பும் நினைவூட்டல் அனுப்பாத கிளினிக் ஒத்து வராது. மறந்து போனதற்கு முழுக் கட்டணம், அதனால் குற்ற உணர்வு, அதனால் போகாமலே நின்றுவிடுவது என்ற சங்கிலி அப்படித்தான் தொடங்குகிறது.

வீட்டில் "கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்" என்ற பேச்சு நடந்தால், பெற்றோரோடு சேர்ந்து ஒரு சந்திப்பு கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். சரியாகாது. தெரியாமல் வருகிற இன்னொரு உயிரும் கஷ்டப்படும்.

நெருக்கடியில்

14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண் நாள் முழுக்க, இலவசமாக, தமிழில். ஸ்நேகா, 1986 முதல் சென்னையில் தற்கொலைத் தடுப்பு வேலை செய்யும் அமைப்பு: 044-24640050. ஆட்டிசமும் ஏ.டி.எச்.டி.யும் உள்ளவர்களிடம் தற்கொலை எண்ணம் மற்றவர்களைவிட அதிகம் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. அவர்கள் அதை அழாமல், உணர்ச்சியே இல்லாத குரலில் சொல்லக்கூடும். அதனால் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். போனில் பேச வராதவருக்காக வீட்டிலிருப்பவரே அழைத்து, பக்கத்தில் ஸ்பீக்கரில் வைக்கலாம். இந்த எண்கள் அந்த இரவைத் தாண்டுவதற்கு. தொடர்ந்த ஆதரவுக்கு மேலே சொன்ன கதவுகளில் ஒன்று வேண்டும்.

துயரத்தில் பாதி காகிதம்

"நமக்குப் பிறகு யார்?" என்ற பயத்தோடு வரும் பெற்றோரைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து ஆறு மாதம் பேச வைப்பது வீண். அந்தப் பயத்துக்கு முதலில் ஒரு கோப்பு தேவை. யு.டி.ஐ.டி. அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை), மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் நிராமயா மருத்துவக் காப்பீடு (ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை), 18 வயது முடிந்ததும் 1999-ம் ஆண்டு நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் சட்டப்படியான பாதுகாவலர் மனு, ஓர் உயில். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இந்த நான்குக்கும்தான் அந்தச் சட்டம் பொருந்தும். பாதுகாவலர் மனு எல்லோருக்கும் தேவையும் இல்லை. தன் முடிவைத் தானே எடுக்கக்கூடியவரின் உரிமையைப் பறிப்பதாகவும் அது ஆகிவிடலாம். காகிதங்கள் முடிந்தபின் எஞ்சி நிற்கும் பயம் எவ்வளவோ, அதை எடுத்துக்கொண்டு கவுன்சிலரிடம் போங்கள்.

ஆறாவது சந்திப்பு

எந்தக் கதவைத் தேர்ந்தாலும் தொடங்கும் நாளன்று மூன்று எண்களை எழுதி வையுங்கள்: பிள்ளை வாரத்தில் எத்தனை முறை நிலைகுலைகிறது, அம்மா எத்தனை மணி நேரம் தூங்குகிறார், பள்ளிக்கோ வேலைக்கோ போகாத நாட்கள் எத்தனை. ஆறாவது சந்திப்பில் அதே மூன்றைப் பாருங்கள். மார்ச் பரீட்சை, தீபாவளி வெடி, ஆடி மாத ஒலிபெருக்கி நடுவில் வந்திருந்தால் எண்கள் ஏறியிருக்கும். அந்த மாதத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒன்றுகூட நகரவில்லை என்றால் கவுன்சிலரிடம் நேராகச் சொல்லுங்கள். நல்லவர் முறையை மாற்றுவார், அல்லது வேறொருவரைக் கைகாட்டுவார்.

மாறுவதென்று முடிவானால் திடீரென்று நிறுத்த வேண்டாம். இதுவரை செய்ததைப் பற்றி ஒரு பக்கச் சுருக்கம் கேட்டு வாங்குங்கள். பரிசோதனை அறிக்கைகளின் நகலும் உங்களுடையவை. காலண்டரில் கடைசிச் சந்திப்பின் தேதியை வட்டமிட்டு, இன்னும் இரண்டு முறை, இன்னும் ஒரு முறை என்று பிள்ளையோடு எண்ணுங்கள். புதிய அறையின் புகைப்படம், புதியவரின் புகைப்படம், போகும் வழியில் எந்த பஸ் என்பது, இந்த மூன்றையும் முந்தைய வாரமே காட்டிவிடுங்கள். கிளினிக்கில் வரைந்த அந்த மெட்ரோ தாளைப் பிள்ளை கையிலேயே கொடுத்து அனுப்பச் சொல்லுங்கள். புதியவர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.